ரிப்ளை அழுத்தினால் யாருக்குப் போகும்?

வாசகர் கேள்வி – பதில்

வாட்ஸ்அப் வந்தபின் மெயில் குழுக்கள் ஒழிந்தன என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை போலிருக்கிறது. ஒருவர் எழுதினால் இருநூறு பேருக்குப் போகும் அந்தப் பழைய ஏற்பாட்டை விடாமல் கட்டிக் காப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் பலர் இந்தத் தடவை ஒரே பிரச்சினையைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: பள்ளித் தோழர்களுக்காக ஒரு மெயில் குழு நடத்துகிறேன். 240 பேர், வாடகை சர்வரில் மெயில்மேன் என்ற மெயில் குழு மென்பொருள். யாஹூ முகவரியிலிருந்து யாராவது எழுதினால் ஜிமெயில்காரர்கள் எல்லாரிடமிருந்தும் 550 5.7.26 என்ற நிராகரிப்புக் குறியோடு மடல் திரும்பி வருகிறது. அதைவிட விசித்திரம், வாய் திறக்காத ஜிமெயில் உறுப்பினர்களைக் குழுவே தானாக நிறுத்திவைத்துவிட்டது, ஏழெட்டுப் பேர் மட்டும் எப்படியோ தப்பினார்கள். ஸ்பாம் என்று தோன்றும்படி ஏதாவது எழுதிவிட்டோமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் எழுதியதை அந்தப் பக்கம் யாரும் குறை சொல்லவில்லை. சண்டை முழுக்க அனுப்புநர் பெயரைப் பற்றியது.

பள்ளியில் கடிதம் எழுதப் பழகியபோது உள்ளே தாளில் 'அனுப்புநர்' என்று ஒரு முறை எழுதுவோம், வெளியே உறையிலும் இன்னொரு முறை எழுதுவோம் இல்லையா, மின்னஞ்சலிலும் அதே இரட்டை வேலை இருக்கிறது. நம் கண்ணில் படும் ஃப்ரம் என்பது தாளில் இருப்பது. உறையில் இருப்பது சர்வர்களுக்குள் மட்டும் பேசப்படுவது, நமக்குத் தெரியாது. உங்கள் யாஹூ நண்பர் எழுதும் மடலைக் குழு வாங்கி 240 பேருக்கு அனுப்பும்போது உறையில் தன் முகவரியைப் போட்டுக்கொள்கிறது, தாளில் மட்டும் நண்பரின் பெயரை அப்படியே விட்டுவிடுகிறது.

இப்போது ஜிமெயில் மூன்று விஷயம் பார்க்கும். எஸ்பிஎஃப் என்பது உறைச் சோதனை: உறையில் இருக்கும் டொமைன், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர், இந்த சர்வரை அனுமதித்திருக்கிறதா? அனுமதித்திருக்கிறது, ஏனென்றால் அது உங்கள் டொமைன். அடுத்தது டிக்கிம், அரக்கு முத்திரை மாதிரி. யாஹூ தன் மடலுக்கு முத்திரை வைத்துத்தான் அனுப்பியது, ஆனால் வழியில் உங்கள் குழு தலைப்பின் முன்னால் அடைப்புக்குறிக்குள் குழுவின் பெயரைச் சேர்த்து, அடியில் 'குழுவிலிருந்து விலக இங்கே சொடுக்கவும்' என்று நாலு வரியும் ஒட்டிவிட்டது. உடைந்தது முத்திரை. மூன்றாவது டிமார்க், அது கேட்பது ஒரே கேள்வி: தாளில் இருக்கும் பெயருக்குப் பொருந்துகிற மாதிரி உறையாவது முத்திரையாவது தேறியதா? உறை தேறியது, ஆனால் அது உங்கள் பெயரில். முத்திரை யாஹூ பெயரில், ஆனால் உடைந்தது. ஆக இரண்டுமே உதவாது.

அப்புறம் என்ன செய்வது என்பதைத் தாளில் பெயர் இருக்கும் டொமைன்தான் சொல்ல வேண்டும். யாஹூ 2014 ஏப்ரலில் 'எங்கள் பெயரில் வந்து தேறாத மடலைத் திருப்பி அனுப்பு' என்று அறிவித்துவிட்டது, அதே மாதம் ஏஓஎல் நிறுவனமும் அதைச் செய்தது. டொமைன் விவரங்களைப் பொதுவில் வைக்கும் டிஎன்எஸ் பதிவேட்டில் பி=ரிஜெக்ட் என்று இருப்பது அதுதான். அவர்கள் பெயரைத் திருடி வந்துகொண்டிருந்த போலி மடல்களை நிறுத்த அது தேவைப்பட்டது, மறுக்கவில்லை, ஆனால் உலகம் பூராவும் இருந்த மெயில் குழுக்கள் அந்த மாதம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

சரி, வாய் திறக்காதவர்கள் ஏன் தண்டனை அனுபவித்தார்கள்? நிராகரிக்கச் சொன்னது யாஹூ, நிராகரித்தது ஜிமெயில். உங்கள் மெயில்மேனுக்கோ இதெல்லாம் புரியாது, அதன் கண்ணில் இந்த ஜிமெயில் முகவரிகள் எல்லாம் செத்துப்போன முகவரிகள். மடல் திரும்பி வந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி, எத்தனை மடல் திரும்பினாலும் நாளுக்கு ஒன்றுதான். ஐந்து புள்ளி சேர்ந்தால் அந்த உறுப்பினருக்கு அனுப்புவதை நிறுத்து என்பது அதன் இயல்பான அமைப்பு. ஏழு நாள் ஒன்றும் திரும்பாவிட்டால் பழைய புள்ளி மறக்கப்படும். உங்கள் யாஹூ நண்பர் ஒரு வாரம் தினமும் 'காலை வணக்கம்' போட்டிருப்பார், அவ்வளவுதான், ஜிமெயில்காரர்கள் மொத்தமாக அவுட். தப்பிய ஏழெட்டுப் பேர் அநேகமாக டைஜெஸ்ட், அதாவது பல மடல்களை ஒன்றாகத் தொகுத்து, வாங்குபவர்களாக இருப்பார்கள், ஏனென்றால் டைஜெஸ்ட் என்பது குழு தன் பெயரிலேயே எழுதும் மடல், அதில் யாஹூ பெயர் ஃப்ரமில் வராது.

செய்ய வேண்டியது: முதலில் மெயில்மேன் பதிப்பைப் பாருங்கள். 2014 மே மாதம் வந்த 2.1.18 அல்லது அதற்குப் பிந்தையதாக இருந்தால், பிரைவசி பகுதியில் சென்டர் ஃபில்டர்ஸ் என்ற பக்கத்தில் டிமார்க் மாடரேஷன் ஆக்‌ஷன் என்று ஒன்று இருக்கும், அதை 'மஞ்ச் ஃப்ரம்' என்று வையுங்கள். இனிமேல் ரிஜெக்ட் போன்ற கறாரான கொள்கை உள்ள டொமைனிலிருந்து மடல் வந்தால் மட்டும் ஃப்ரமில் குழுவின் முகவரி போகும், எழுதியவர் பெயர் முன்னால் வரும், அவருடைய நிஜ முகவரி ரிப்ளை-டூவிலோ சிசியிலோ இருக்கும். மெயில்மேன் 3 என்றால் டிமார்க் மிட்டிகேஷன் என்று தனிப் பக்கமே உண்டு. உங்கள் டொமைனுக்கும் எஸ்பிஎஃப், டிக்கிம் இரண்டும் சரியாக இருக்க வேண்டும், இனி அதன் பெயரில்தானே எல்லாம் போகப் போகிறது.

அப்புறம் உடனே உறுப்பினர் பட்டியலுக்குப் போய், நோமெயில் கட்டத்தில் 'பி' என்று குறி விழுந்தவர்களை எல்லாம் விடுவியுங்கள். தள்ளிப்போடாதீர்கள். நிறுத்தப்பட்டவருக்கு வாரம் ஒன்றாக மூன்று எச்சரிக்கை போகும், அதற்கும் பதில் இல்லாவிட்டால் ஆளைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிடும்.

கேள்வி: எங்கள் அடுக்ககச் சங்கத்தின் மெயில் குழுவில் ஃப்ரமைக் குழு முகவரியாக மாற்றிவிட்டோம், ஸ்பாம் தொல்லை போனது. ஆனால் புதுத் தொல்லை. செயலாளருக்கு மட்டும் என்று நினைத்து ஒருவர் அனுப்பிய பதில் 96 வீட்டுக்கும் போய்விட்டது, அதில் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி நாலு வார்த்தை இருந்தது. பழையபடி வைத்துவிடலாமா?
– சங்கப் பொறுப்பாளர் ஒருவர், கோவை

பதில்: அந்த நாலு வார்த்தை என்னவென்று கேட்க ஆசைதான், இருக்கட்டும்.

பழையபடி வைத்தால் மடல்கள் மறுபடி திரும்பும், வேண்டாம். ஃப்ரமை மாற்றுபவர்கள் எல்லாரும் மறக்கும் விஷயம் இதுதான். முன்பு ஃப்ரமில் எழுதியவர் முகவரி இருந்தது, ரிப்ளை அழுத்தினால் இயல்பாகவே அவருக்குப் போனது. இப்போது ஃப்ரமில் குழு இருக்கிறது, எனவே ரிப்ளை-டூ என்ற வரியை நீங்கள் யோசித்து வைக்காவிட்டால் ரிப்ளை குழுவுக்குத்தான் போகும்.

மெயில்மேனில் ஜெனரல் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் பதில் எங்கே போக வேண்டும் என்று மூன்று தேர்வு இருக்கும்: எழுதியவருக்கு, குழுவுக்கு, நீங்கள் குறிப்பிடும் ஒரு முகவரிக்கு. கூகுள் குரூப்ஸிலும் பதில்கள் யாருக்குப் போக வேண்டும் என்ற செட்டிங் உண்டு. குழுவுக்கு என்று வைத்தால் பேச்சு கலகலப்பாக இருக்கும், யாரும் 'ரிப்ளை ஆல்' தேட வேண்டாம், ஆனால் அந்தரங்கம் ஒருநாள் கட்டாயம் அம்பலத்துக்கு வரும், வந்தே தீரும். எழுதியவருக்கு என்று வைத்தால் தவறு நடந்தாலும் அதிகபட்சம் ஊருக்குப் போக வேண்டியது ஒருவருக்குப் போகும், அதைத் திரும்ப அனுப்பிக்கொள்ளலாம். முன்னதைத் திரும்ப வாங்க முடியாது. அதனால் என் கட்சி எப்போதும் இரண்டாவது. மென்பொருள் எழுதும் கூட்டங்களில் இந்த விவாதம் பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது, இரு தரப்பும் விட்டுக்கொடுப்பதாக இல்லை, நான் என் பக்கத்தைச் சொல்லிவிட்டேன்.

உங்கள் குழு விவாதத்துக்கா, அறிவிப்புக்கா? தண்ணீர் லாரி எப்போது வரும், லிஃப்ட் எப்போது ஓடும் என்பதுதான் அதிகம் என்றால் மூன்றாவது தேர்வைப் பிடியுங்கள், பதில்கள் எல்லாம் சங்க அலுவலக முகவரிக்குப் போகட்டும். நோ-ரிப்ளை மாதிரி ஆளில்லாத முகவரியைப் போட்டுவிடாதீர்கள், மக்கள் அதற்கும் பதில் எழுதுவார்கள், திரும்பி வந்ததும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

இன்னொரு பொறி இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். ஃப்ரமில் ஆள் பெயரும் குழு முகவரியும் சேர்ந்து வருவதால் சில மெயில் செயலிகள் அந்த ஜோடியை அப்படியே முகவரிப் புத்தகத்தில் சேமித்துக்கொள்ளும். பிறகு ஒருநாள் மாமாவுக்கு எழுதலாம் என்று பெயரின் முதல் மூன்று எழுத்தை அடித்தேன், கீழே மாமா பெயர் வந்தது, தேர்ந்தெடுத்தேன், கடன் கேட்டு உருக்கமாக ஒரு மடல். அது உறவினர் குழு முழுக்கப் போனது. மாமா பெயருக்குப் பின்னால் ஒளிந்திருந்தது குழுவின் முகவரி. (கடன் கிடைத்தது, வேறொருவரிடமிருந்து.) உறுப்பினர்களிடம் முகவரிப் புத்தகத்தை ஒருமுறை பார்த்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

விடுமுறைத் தானியங்கிப் பதில்களையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்காக எழுதப்பட்டவை உறை முகவரிக்குத்தான் பதில் போடும், குழு மடல் என்று தெரிந்தால் பேசாமல் இருக்கும். ஒழுங்கில்லாதவை ரிப்ளை-டூவைப் பார்க்கும். அங்கே குழு முகவரி இருந்து, இரண்டு பேர் ஒரே நேரத்தில் விடுமுறையில் போனால், இரண்டு இயந்திரங்கள் விடிய விடிய 'நான் ஊரில் இல்லை' என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டிருப்பதை 96 வீடும் படிக்கும்.

கேள்வி: எங்கள் குழுவில் தலைப்பில் எதுவும் சேர்ப்பதில்லை, அடிக்குறிப்பும் இல்லை. பல வருஷம் நன்றாக ஓடியது. பதில் குழுவுக்குப் போகட்டும் என்று அந்த ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றினேன். மறுநாளிலிருந்து குறிப்பிட்ட ஓர் அலுவலக முகவரியில் இருந்து வரும் மடல்கள் மட்டும் நிராகரிக்கப்படுகின்றன. ரிப்ளை-டூவுக்கும் ஸ்பாமுக்கும் என்ன சம்பந்தம்?
– ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: இந்த இதழின் மிக நல்ல கேள்வி. முத்திரை என்றேனே, அது மடல் முழுவதற்கும் பொதுவாக வைக்கப்படுவதில்லை. மடலின் உடல், அதோடு எந்தெந்தத் தலைப்பு வரிகளைப் பூட்ட வேண்டும் என்று அனுப்புகிற சர்வர் ஒரு பட்டியல் போடும். ஃப்ரம் கட்டாயம், சப்ஜெக்ட், தேதி எல்லாம் வழக்கமாக இருக்கும். பட்டியலில் ரிப்ளை-டூவையும் சேர்ப்பவர்கள் உண்டு. வேடிக்கை என்னவென்றால், மடலில் ரிப்ளை-டூ இல்லாவிட்டாலும் 'இல்லை' என்பதையே பூட்டி வைக்கலாம், யாரும் பின்னால் ஒன்றைச் செருகக் கூடாது என்பதற்காக. காலியாக இருக்கும் அறைக்கும் பூட்டு. நீங்கள் அந்த அறைக்குள் ஒரு முகவரியைக் கொண்டுபோய் வைத்தீர்கள், பூட்டு உடைந்தது. அந்த அலுவலகத்தின் டொமைன் பி=ரிஜெக்ட் என்று இருக்கும், அதனால் அவர்கள் மடல் மட்டும் அடிபடுகிறது. மற்றவர்கள் முத்திரையும் உடைந்திருக்கலாம், அவர்கள் டொமைன் கறாராக இல்லாததால் உங்களுக்குத் தெரியவில்லை.

நிச்சயப்படுத்திக்கொள்ள, அந்த ஆள் அனுப்பிய மடல் ஒன்றை ஜிமெயிலில் திறந்து மூன்று புள்ளியை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' போங்கள். மேலேயே எஸ்பிஎஃப், டிக்கிம், டிமார்க் மூன்றும் தேறினவா இல்லையா என்று இருக்கும். கீழே முத்திரை வரியில் ஹெச் என்ற எழுத்துக்குப் பின்னால் பூட்டிய வரிகளின் பட்டியல் இருக்கும், அதில் ரிப்ளை-டூ தென்பட்டால் திருடன் அகப்பட்டான். ஆனால் பழைய மடலைப் பாருங்கள், புதியது உங்களுக்கு வந்தே இருக்காது.

இனி உங்களுக்கு இரண்டு வழிதான், நடுவில் நின்றால் அடி விழும். ஒன்று, எதையும் தொடாமல் கை கட்டி நில்லுங்கள்: தலைப்பு, அடிக்குறிப்பு, ரிப்ளை-டூ எதிலும் கை வைக்காமல் மடலை அப்படியே கடத்திவிடுவது. லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னலை எழுதுபவர்களின் மெயில் குழுக்கள் இப்படித்தான் நடக்கின்றன, அங்கே எல்லாரும் ரிப்ளை ஆல் அழுத்திப் பழகியவர்கள். இல்லையென்றால் துணிந்து ஃப்ரமையும் மாற்றி உங்கள் முத்திரையை வைத்து, ரிப்ளை-டூவில் விரும்பியதைப் போட்டுக்கொள்ளுங்கள். அடுக்ககம், உறவினர், பழைய மாணவர் போன்ற குழுக்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். மின்னஞ்சல் விதிகளை எழுதும் ஐஇடிஎஃப் அமைப்பே தன் மெயில் குழுக்களில் இப்படிக் கறாரான டொமைன்களின் ஃப்ரம் முகவரிகளை மாற்றி எழுதித்தான் அனுப்புகிறது. விதி எழுதியவர்களுக்கே அந்தக் கதி என்றால் நமக்கு என்ன வெட்கம்.

கேள்வி: நான் எழுதும் மடல் எனக்குத் திரும்பி வருவதில்லை. ஸ்பாம் பெட்டியிலும் இல்லை. என்னை மட்டும் தடுக்கிறார்களா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: ஜிமெயில்தானே? நீங்கள் அனுப்பியதும் குழு வழியாகத் திரும்பி வருவதும் ஒரே அடையாள எண் கொண்ட மடல் என்பதால், ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறதே என்று இரண்டாவதை ஜிமெயில் காட்டாது. யாராவது பதில் போட்டால் எல்லாம் சேர்ந்து வரும். நிம்மதியாக இருங்கள்.

கேள்வி: எஸ்பிஎஃப் சரியாக இல்லை என்றார்கள், புதிதாக ஒன்று சேர்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது.
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பழையதை அழிக்காமல் புதியதைச் சேர்த்திருப்பீர்கள். ஒரு டொமைனுக்கு ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. இரண்டிலும் இருப்பதை ஒரே வரியில் சேர்த்து எழுதுங்கள். அப்படிச் சேர்க்கும்போது இன்க்ளூட் (வேறொரு டொமைனின் பட்டியலையும் சேர்த்துக்கொள் என்ற சொல்) எண்ணிக்கையையும் பாருங்கள், மொத்த டிஎன்எஸ் தேடல் பத்தைத் தாண்டினாலும் பிழைதான்.

கேள்வி: ஃப்ரமை மாற்றுவது அசிங்கமான வேலை. ஏஆர்சி என்று ஒன்று இருக்கும்போது நீங்கள் எல்லாரும் ஏன் இன்னும் இதையே சொல்கிறீர்கள்?
– மென்பொருள் பொறியாளர், சென்னை

பதில்: அசிங்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். மற்றவர்களுக்கு ஒரு வரி: ஏஆர்சி என்றால், முத்திரையை உடைப்பதற்கு முன்னால் 'என் கைக்கு வந்தபோது இது சரியாகத்தான் இருந்தது' என்று குழு எழுதி, அதற்குத் தன் முத்திரை வைத்து அனுப்புவது. 2019இல் ஆர்எஃப்சி 8617 என்ற இணைய விதி ஆவணமாக வந்தது, சோதனை நிலை என்ற குறிப்போடு. கூகுளும் குழு நடத்துபவர்கள், மடல்களைக் கடத்துபவர்கள் எல்லாரும் இதைச் சேர்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறது, கூடவே எந்தக் குழுவின் மடல் என்று சொல்லும் லிஸ்ட்-ஐடி வரியும்.

ஆனால் சாட்சி சொல்பவரை நம்புவதா வேண்டாமா என்பது வாங்குபவர் இஷ்டம். பெரிய நிறுவனங்களுக்கு உங்கள் நாற்பது பேர் குழுவின் சர்வரைத் தெரியாது, தெரியாதவன் சாட்சி எடுபடாது. ஏஆர்சியை வையுங்கள், நஷ்டமில்லை, அதை நம்பி ஃப்ரமைப் பழையபடி விட்டுவிடாதீர்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் கெடுபிடியைக் கூட்டியிருக்கின்றன, எல்லா மடலுக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிக்கிம் இருந்தாக வேண்டும், ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000 மடலைத் தொடுபவர்களுக்கு இரண்டும் வேண்டும், டிமார்க்கும் வேண்டும். காற்று அந்தப் பக்கம்தான் அடிக்கிறது.

கேள்வி: இவ்வளவு தலைவலி எதற்கு? நான் என் ஜிமெயிலிலிருந்து பிசிசியில் எல்லார் முகவரியும் போட்டு அனுப்பிவிடுகிறேன், ஒரு பிரச்சினையும் இல்லை.
– ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: முப்பது நாற்பது பேர் என்றால் தாராளமாக அப்படியே செய்யுங்கள் ஐயா, உங்கள் ஃப்ரம், உங்கள் முத்திரை, எதுவும் உடையாது, ரிப்ளை அழுத்தினால் உங்களுக்கு மட்டும்தான் வரும், யார் மானமும் போகாது. ஆள் கூடினால்தான் சிக்கல். இலவச ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேர் என்ற வரம்பு உண்டு, தாண்டினால் கொஞ்ச நேரத்துக்கு அனுப்பவே முடியாது. பழைய, செத்துப்போன முகவரிகளைப் பட்டியலில் வைத்திருக்காதீர்கள். பிசிசிக்குப் பதில் கை தவறி சிசியில் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கேள்வி: இங்கே எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குப் பொது முகவரி ஒன்று உண்டு, அதற்கு வருவதை எல்லாம் செயற்குழுவில் ஆறு பேருடைய ஜிமெயிலுக்குத் தானாகத் திருப்பிவிட்டிருக்கிறோம். குழு மென்பொருள் எதுவும் இல்லை. ஆனாலும் சில மடல்கள் வந்து சேர்வதில்லை.
– ஒரு வாசகர், டொராண்டோ

பதில்: வெறும் திருப்பிவிடுதலிலும் உறைச் சோதனை தோற்கும், ஏனென்றால் உறையில் அடுத்தவர் பெயர், கொண்டுவருவது உங்கள் சர்வர். எழுதியவர் டிக்கிம் முத்திரை வைத்திருந்தால் பிழைத்துக்கொள்வார், நீங்கள் எதையும் மாற்றாதவரை முத்திரை உடையாது. முத்திரை இல்லாதவர்களுடையதுதான் தொலைகிறது. எஸ்ஆர்எஸ் என்ற ஏற்பாடு உங்கள் சர்வரில் இருந்தால் உறையில் உங்கள் டொமைனைப் போட்டு அனுப்பும், எஸ்பிஎஃப் தேறும், ஃப்ரமுடன் பொருந்தாது என்பதால் டிமார்க்குக்கு அது உதவாது.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று. பொது முகவரி இணையதளத்தில் இருக்கும், அதற்குக் குப்பையும் கொட்டும், அந்தக் குப்பையை ஆறு மடங்காக்கி ஜிமெயிலின் வாசலில் கொட்டுவது உங்கள் சர்வர். ஜிமெயில் கணக்கில் குப்பை அனுப்புவது நீங்கள்தான், அப்புறம் நல்ல மடலையும் சந்தேகத்தோடுதான் பார்க்கும். திருப்பிவிடுவதை நிறுத்திவிட்டு அந்த முகவரிக்கு நிஜமான ஓர் அஞ்சல் பெட்டி வைத்து, ஆறு பேரும் தங்கள் செயலியில் அதை இரண்டாவது கணக்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பதிலும் சங்கத்தின் பெயரிலேயே போகும், யார் பதில் போட்டார், யார் போடவில்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும்.